தூங்குகிறான் என்று சொன்னேன்

மார்ச் 5

வீட்டுக்கு வந்துவிட்டோம். வண்டியின் பின் இருக்கையில் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம் என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

மார்ச் 6

என் மனைவிக்குப் பால் வந்துவிட்டது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் ஒரு சுரப்பு சட்டென்று இறங்கும், அந்த இறக்கம்தான் பாலுக்கான உத்தரவு, குழந்தை அழுததா இல்லையா என்று அது விசாரிப்பதில்லை என மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பாலை நிறுத்த மாத்திரை தருவதாகச் சொன்னபோது இவள் வேண்டாம் என்றாள். அதிர்ச்சியில் வந்த சொல் என்றே அதை எடுத்துக்கொண்டேன். இன்று அதிகாலை மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, குளிர்ந்த ஈரத்துணியை வைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், இப்போதாவது அந்த மாத்திரையைக் கேட்டு வாங்கி வரட்டுமா என்றேன். “அவனுக்கென்று வந்தது இது ஒன்றுதான். வந்துவிட்டுப் போகட்டும்” என்றாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டுப் போய்விட்டார்.

மார்ச் 7

ஆறே காலா, ஆறரையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 9

ஆறே கால்தான். அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பு ஒன்றை முடித்துவிட்டுத்தான் அறைக்குள் போனேன். கைப்பேசியில் அந்த நேரம் பதிவாகியிருக்கிறது. பிப்ரவரி 28. “இன்று இவன் அவ்வளவாக அசையவில்லை” என்றாள். “தூங்குகிறான்” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, விளக்கமும் கொடுத்தேன்: மாதம் நிறைய நிறைய உள்ளே இடம் குறைகிறது, இடம் குறைந்தால் அசைவும் குறையத்தானே செய்யும். யார் சொல்லிக் கேட்டேன் என்பது நினைவில்லை. ஆனால் கட்டடம் கட்டுகிறவன் மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

அது பொய். வயிற்றில் இருக்கும் குழந்தை தூங்கும்தான்; ஆனால் ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம், நலமாக இருக்கும் குழந்தைக்கு அது 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது. கடைசி வாரங்களில் உதை உருளலாக மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது, குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்ப வேண்டும். இதையெல்லாம் மூன்று இரவுகளில் படித்துத் தெரிந்துகொண்டேன்; மூன்று இரவுகள் முந்தைய ஒன்பது மாதங்களிலும் இருந்தன. அன்று நான் செய்தது, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னது மட்டுமே. எட்டு மணிக்கு அவள் புரண்டு படுத்து, “அசைந்த மாதிரி இருந்தது” என்றாள். இருவரும் சிரித்தோம். உயிர் போன பின்பும், தாய் புரளும்போது குழந்தை பனிக்குட நீரில் மிதந்து இடம் மாறும் என்றும், அதை அசைவென்றே தாய் உணரக்கூடும் என்றும் மறுநாள் ஸ்கேன் அறைக்கு வெளியே சொன்னார்கள். நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்பதை இவளிடம் நான் இன்னும் பேசவில்லை.

மார்ச் 10

இன்று ஆறே காலைத் தாண்டினேன்.

மார்ச் 13

பதிவுக்கான படிவத்தை நிரப்பினேன். எடை 2.6 கிலோ, நீளம் 48 சென்டிமீட்டர், 37 வாரம். பெயருக்கான கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள், அதுதான் வழக்கம் என்றார் அங்கிருந்தவர். அவர் கடுமையாகச் சொல்லவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். நான் கோடு போட்டேன். பெயர் எங்களிடம் இருக்கிறது.

“இறந்து பிறந்த குழந்தை” என்று அச்சிட்டிருந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் மொழியில் முந்தி நடந்ததை முதலில் சொல்லி, பிந்தியதை அதன் மேல் ஏற்ற வேண்டும்: வந்து உட்கார்ந்தான், உண்டு உறங்கினான். இந்த ஒரு தொடரில் மட்டும் இறப்பு முந்திக்கொண்டு நிற்கிறது. இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. மார்ச் 1 காலையிலேயே தெரிந்துவிட்டது, அவன் பிறந்தது 3 விடியலில். இடைப்பட்ட நேரம் முழுவதும் வலி எடுக்க மருந்து கொடுத்து, மற்ற எல்லாத் தாய்மார்களையும் போலவே இவளும் வலித்து, முக்கி, பெற்றாள். அறுவை செய்து எடுத்துவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன்; இவள் உடம்புக்கும் அடுத்த பேற்றுக்கும் இதுதான் நல்லது என்று பொறுமையாக விளக்கினார்கள்.

பார்க்கிறீர்களா என்று செவிலியர் கேட்டபோது வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான். இவள் கையை நீட்டினாள். அவனுடைய நகங்கள், வெட்டிவிட வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு, விரல் நுனிவரை வளர்ந்திருந்தன.

மார்ச் 17

பெரியவள் நான்கு இரவாகத் தூங்கவில்லை. கண் செருகும்போதெல்லாம் தலையை உலுக்கிக்கொண்டு எழுந்து உட்கார்கிறாள். கதை சொன்னேன், தோளில் போட்டு நடந்தேன், அதட்டவும் செய்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்டதற்கு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “நானும் தூங்கிட்டா?” என்றாள்.

அத்தைதான் அவளிடம், தம்பி தூங்கிவிட்டான், இனி எழுந்திருக்க மாட்டான் என்று சொல்லியிருக்கிறார். கோபம் தலைக்கேறி அடுப்படிவரை போனவன் திரும்பிவிட்டேன். அந்தச் சொல்லை இந்த வீட்டில் முதலில் சொன்னது அத்தை அல்ல.

மார்ச் 18

சொல்லிவிட்டேன். தம்பி இறந்துவிட்டான். அவன் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, அவனுக்கு வலிக்காது, குளிராது, பசிக்காது. தூங்குவது வேறு, தூங்கினால் எழுந்துவிடுவோம். நீ கோபத்தில் எப்போதாவது ஏதாவது சொல்லியிருந்தாலும் அதனால் இது நடக்கவில்லை. கேட்டுவிட்டு, “யாராலே நடந்தது?” என்றாள். தெரியவில்லை என்றேன். அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குப் புதுச் செய்தி.

மார்ச் 22

பேற்றுக்குக் குறித்துக் கொடுத்த நாள் இன்று.

மார்ச் 29

வருகிறவர்கள் காரணத்தோடு வருகிறார்கள். கொடி சுற்றியிருக்கும் என்கிறார் ஒருவர், இவள் மாடிப்படி ஏறியதைச் சொல்கிறார் இன்னொருவர். உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியே இருக்கிறது, பெரும்பாலும் அதனால் ஒரு கெடுதலும் வருவதில்லை என்று நான் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். எதற்காக வாதாடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இவர்களுடைய காரணம் ஏதாவது ஒன்று பொருந்திவிட்டால் என்னுடையது விடுதலையாகிவிடுமே.

இன்னும் சின்ன வயதுதானே என்று சொன்ன மூன்றாவது ஆளிடம் இவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

ஏப்ரல் 16

அறிக்கை வந்தது. நஞ்சுக்கொடியைப் பரிசோதித்ததிலும், இவளுடைய இரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, தொற்று, உறைவுக் கோளாறு என்று பார்த்ததிலும் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. காரணம் அறியப்படவில்லை. முழு உடற்கூறாய்வுக்கு அன்று நாங்கள் சம்மதிக்கவில்லை. சம்மதித்திருந்தால் ஏதேனும் தெரிந்திருக்கலாம், அதிலும் ஒன்றும் கிடைக்காமலே போயிருக்கலாம் என்றார் மருத்துவர். ஆறே காலுக்கே வந்திருந்தால் என்று கேட்டேன். எந்த நேரத்தில் நின்றது என்று சொல்ல வழியில்லை, ஆகவே அதற்கும் பதில் இல்லை என்றார். ஆறு வாரம் காத்திருந்து, கேட்ட கேள்வியையே மடித்து உறையில் போட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 17

28 வாரம் முடிந்தபின் இப்படிப் பிறக்கும் குழந்தைகள் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 17 வினாடிக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர், ஒரு மாலையில், ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார்.

மே 2

விளக்கை அணைத்த பிறகு இவள் சொன்னாள்: “அன்று மத்தியானமே எனக்குச் சந்தேகம்.” நான் பேசவில்லை. “நீங்கள் தூங்குகிறான் என்று சொன்னதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொன்னால் கிளம்ப வேண்டியிருக்கும். கிளம்பினால் தெரிந்துவிடும். ஓர் இரவு அவனை வைத்திருந்துவிட்டேன்.”

எட்டு மணிக்குச் சிரித்ததைக் கேட்டேன். “நீங்கள் சிரித்தீர்கள், அதனால் சிரித்தேன்” என்றாள்.

இரண்டு மாதங்களாக நான் தனியாகச் சுமப்பதாக நினைத்திருந்த மூட்டையின் மறுமுனையை இவள் இருட்டில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள், அதுவும் எனக்கு முன்பிருந்தே. அது என் பாரத்தைக் குறைக்கவில்லை. கையைத் தேடினேன், கிடைத்தது.

மே 6

பெரியவள் இன்று யாரும் சொல்லாமலே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.