மங்கா: வரைந்தவர் ஊரா, வரைந்த தாளா?

ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் 2001-இல் படக்கதை வரைவதற்கென்றே ஒரு மென்பொருள் கொண்டுவந்தது. சொந்த ஊரில் அதற்கு ‘காமிக் ஸ்டூடியோ’ என்று பெயர். அதே சரக்கு அமெரிக்காவுக்குப் போனபோது ‘மங்கா ஸ்டூடியோ’ ஆகிவிட்டது. ஷோனென் ஜம்ப் இதழின் தொடர்கள் ஜப்பானில் புத்தகமாக வரும்போதும் பதிப்பின் பெயர் ‘ஜம்ப் காமிக்ஸ்’தான். அங்கே ‘காமிக்’ என்ற சொல்லுக்குக் கவர்ச்சி, இங்கே படக்கதைக்கான ஜப்பானியச் சொல்லான ‘மங்கா’வுக்கு. ஜப்பானுக்கு வெளியே வரைந்தால் அது மங்காவா என்ற சண்டையில் இறங்குமுன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. (‘மாங்கா’ என்று நீட்டினால் உப்பும் மிளகாய்த்தூளும் தேடவேண்டியிருக்கும். ஜப்பானிய உச்சரிப்பிலும் முதலெழுத்து குறில்தான்.)

சொல்லே ஊர் சுற்றிய சொல். அதே இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானியர் ‘மங்கா’ என்றும், கொரியர் ‘மன்ஹ்வா’ என்றும், சீனர் ‘மன்ஹுவா’ என்றும் படிக்கிறார்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1814-இல் வெளியிடத் தொடங்கிய ஓவியத் தொகுதிகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. ஆனால் அவற்றில் கதை கிடையாது, மனம்போன போக்கில் வரைந்த படங்கள்தான். இப்போதும் ஜப்பானியரின் அன்றாடப் பேச்சில் மங்கா என்றால் படக்கதை, அவ்வளவே. அமெரிக்கச் சரக்கைப் பிரித்துச் சொல்ல ‘அமெகோமி’ என்பார்கள். பிற நாட்டுப் படக்கதைகளை மொத்தமாக ‘காய்காய் மங்கா’, அதாவது கடல்கடந்த மங்கா, என்று சொல்வதும் உண்டு. ஜப்பான் வெளியுறவு அமைச்சகமே 2007 முதல் வெளிநாட்டு ஓவியர்களுக்குச் சர்வதேச மங்கா விருது தருகிறது. முதல் ஆண்டின் முதல் பரிசு ஹாங்காங்கின் லீ சீ சிங்குக்குப் போனது. கதைக்கரு பழைய சீன நூலான சுன் ட்சுவின் ‘போர்க்கலை’.

சொந்தக்காரரே ‘எடுத்துக்கோ’ என்று கொடுத்துவிட்டபோது காவல் நிற்பவர்கள் பெரும்பாலும் வெளியூர் ரசிகர்கள்தான். நாம் சிவகாசியில் அச்சான இத்தாலிய டெக்ஸ் வில்லரையும் பெல்ஜிய லக்கி லூக்கையும் ஒரே பெயரில் காமிக்ஸ் என்று படித்து வளர்ந்த கூட்டம். யாரிடமும் பாஸ்போர்ட் கேட்டதில்லை.

ஆனாலும் ‘இது மங்கா மாதிரி இல்லையே’ என்று ஒரு ரசிகர் சொல்லும்போது அவர் உளறவில்லை. ஏதோ ஒன்று குறைகிறது என்பது அவருக்குத் தெரிகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை. கண் பெரிதாக இருக்கிறது, வேகக்கோடு இருக்கிறது, நெற்றியில் வியர்வைத் துளிகூட இருக்கிறது. குறைவது பக்கத்தின் நடை. அந்த நடையைக் கொடுத்தது ஜப்பானிய ரத்தம் கிடையாது, அங்கே உள்ள பத்திரிகைத் தொழில்.

கணக்கைப் பாருங்கள். வாரப் பத்திரிகைத் தொடர் என்றால் அத்தியாயத்துக்கு ஏறக்குறைய 19 பக்கம், கறுப்பு வெள்ளை, மட்டமான தாள். ஒன்பது பத்து அத்தியாயம் சேர்ந்தால் 190 பக்கம் அளவில் ஒரு புத்தகம். அமெரிக்க மாத இதழ் 20 முதல் 22 பக்கம், வண்ணம். பிரெஞ்சு ஆல்பம் வழக்கமாக 48 பக்கம், அதுவும் ஆண்டுக்கு ஒன்று வந்தால் பெரிது. ஒருவன் கதவைத் திறக்கும் காட்சி என்றால் 48 பக்கக்காரர் அதற்கு ஒரு கட்டம்தான் ஒதுக்க முடியும். அந்தக் கட்டத்திலேயே கதவு, ஆள், உள்ளே கிடக்கும் பிணம், ஒரு வசனம் எல்லாம் அடங்கியாகவேண்டும். வாரம் 19 பக்கம் வைத்திருப்பவர் ஒரு முழுப் பக்கத்தைச் செலவழிப்பார்: கைப்பிடி, அதன்மேல் விரல், தரையில் விழும் வெளிச்சக் கீற்று, ஒரு கண். பக்கத்தைத் திருப்பினால் அறை, வசனமே இல்லாமல்.

திருப்பும் இந்த இடத்துக்கு ஜப்பானியர் ‘மெகுரி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். புதிதாக வரைபவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். புத்தகம் வலப்பக்கம் தைத்ததோ இடப்பக்கம் தைத்ததோ, முதல் பக்கம் தனியாக நிற்கும். அதற்குப் பிறகு 2-3, 4-5 என்று ஜோடி ஜோடியாக விரியும். எனவே ‘அடுத்து என்ன’ என்று இழுக்கும் கொக்கி ஒற்றை எண் பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும், அதிர்ச்சி இரட்டை எண் பக்கத்தின் முதல் கட்டத்திலும் விழவேண்டும். அதிர்ச்சியை 5-ஆம் பக்கத்தில் வைத்தால், 4-ஐப் படிக்கும்போதே கண்ணோரத்தில் பட்டுவிடும். நடுவில் ஒரு பக்கம் கூட்டினாலோ குறைத்தாலோ பின்னால் வரும் அத்தனை கொக்கிகளும் இடம் மாறிப்போகும். அதனால்தான் ‘நேமு’ என்கிற கரட்டுப்படியை முதலில் போட்டு, பத்திரிகை ஆசிரியரிடம் காட்டி, அவர் திருப்பி அனுப்ப அனுப்பத் திருத்தி, ஒப்புதல் கிடைத்த பிறகே மை தொடுகிறார்கள்.

அமெரிக்காவில் டோக்கியோபாப் நிறுவனம் உள்ளூர்க்காரர்களை வைத்தே மங்கா போடுவதை 2000-களில் பெரிய அளவில் முயன்று பார்த்தது. 2002-இல் புதியவர்களுக்குப் போட்டி தொடங்கி, அசலாகவே ஆங்கிலத்தில் எழுதிய தொடர்களை ஜப்பானியப் புத்தக அளவில் போட்டது. ஸ்வெத்லானா ச்மகோவாவின் ‘டிராமகான்’ போலச் சில தேறின. பல தேறவில்லை. ஓவியர்களுக்குத் திறமை இல்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். என் கணிப்பில் குற்றம் வேறு இடத்தில். பத்திரிகை இல்லாமல் நேரே புத்தகம். நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் கிட்டத்தட்டத் தனியாளாக வரையவேண்டும். பின்னணிக்கும் டோனுக்கும் (நிழலுக்காகப் போடும் புள்ளித் திரை) உதவியாளர் கிடையாது. இந்த வாரம் சொதப்பியதை அடுத்த வாரம் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கிடையாது. அந்த நிறுவனம் 2011-இல் அமெரிக்கப் பதிப்பகத்தை மூடியது.

குற்றம் ஓவியரிடம் இல்லை என்பதற்குச் சாட்சி ஃபெலிப்பே ஸ்மித். அதே நிறுவனத்துக்கு ‘எம்பிக்யூ’ வரைந்தவர், பிறகு ஜப்பானியப் பதிப்பகமான கோடன்ஷாவின் ‘மார்னிங் டூ’ இதழில் ‘பீபோ சூ’ தொடரை வரைந்தார். ஆள் மாறவில்லை, கை மாறவில்லை. முன்னது மங்கா இல்லை, பின்னது மங்கா என்றால் நடுவில் மாறியது ஆசிரியரும் பத்திரிகையும்தான். கொரியர்களான யூன் இன்-வானும் யாங் க்யுங்-இல்லும் இன்னொரு ஜப்பானியப் பதிப்பகமான ஷோகாகுகானின் இதழில் தொடர் செய்தார்கள். ‘டாக்டர் ஸ்டோன்’ ஓவியர் போய்ச்சியும் கொரியர்தான்; அந்தத் தொடர் ஷோனென் ஜம்பிலேயே வந்தது. அவர் வரைந்தது மங்காவா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிக்கலான வழக்கு பிரெஞ்சுக்காரர் பாரு. கோடன்ஷாவுக்காக 400 பக்கத்துக்கு மேல் கறுப்பு வெள்ளையில் ஒரு நெடுங்கதை வரைந்தார். அது பிரான்சில் புத்தகமாக வந்து 1996-இல் அங்கூலேம் படக்கதை விழாவில் சிறந்த ஆல்பம் பரிசும் வாங்கியது. முகங்கள் அக்மார்க் பிரெஞ்சு. பெரிய கண் ஒன்றுகூடக் கிடையாது. நடையோ, பக்கம் தாராளமாகக் கிடைத்தவரின் நடை. என்னைக் கேட்டால், கண்ணை மட்டும் நகலெடுத்த ஆயிரம் ‘மங்கா’க்களைவிட இது மங்காவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எதிர்ப்பக்க உதாரணம் டோனி வாலெந்த்தின் ‘ரேடியன்ட்’: 2013-இல் பிரான்சில் தொடங்கி, 2015-இல் ஜப்பானிய மொழியில் வந்து, 2018-இல் என்எச்கே தொலைக்காட்சியில் அனிமேயும் ஆனது. அதற்குமுன் ஆல்பம் வரைந்துகொண்டிருந்தவர் அவர். அந்தப் பழக்கத்தை விட்டுப் பக்கத்தைத் தாராளமாகச் செலவழிக்கத் துணிந்ததுதான் வித்தியாசம்.

வலமிருந்து இடமாகப் படிப்பதுதான் அடையாளம் என்பார் சிலர். அது ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக ஓடுவதால் வந்த பழக்கம். மொழிபெயர்ப்பில் அதைக் காப்பாற்றுவதற்கு நியாயம் உண்டு: படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பினால் சாமுராய் எல்லாரும் இடக்கையர் ஆகிவிடுவார்கள், கிமோனோவின் மடிப்பும் மாறும். இடப்புறத்தை மேலே போட்டு உடுத்துவது உயிரோடிருப்பவர். வலப்புறம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. ஆனால் தமிழில் புதிதாக வரைபவர் வலமிருந்து தொடங்குவது வெறும் வேஷம். வசனம் எழுதும் ஒவ்வொரு பலூனுக்குள்ளும் எழுத்து இடமிருந்து ஓட, பலூன்கள் வலமிருந்து ஓட, வாசகர் கண் ஒவ்வொரு கட்டத்திலும் முட்டிக்கொள்ளும்.

தமிழில் முயல்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி பலூன்தான். ஜப்பானிய வசனம் செங்குத்து; பலூனும் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அந்த வடிவத்தைப் பார்த்து வரைந்துவிட்டு ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று உள்ளே எழுதப் பாருங்கள். ஒரே சொல் மூன்று துண்டாக உடையும், அல்லது எழுத்தைப் பொடியாக்கவேண்டும். பேச்சுத்தமிழுக்கு மாறி ‘வந்துட்டிருக்காங்க’ என்றாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, கரட்டுப்படியிலேயே வசனத்தை அச்செழுத்தில் வைத்துப் பார்த்து, அதைச் சுற்றிப் பலூன் போடவேண்டும். கடைசியில் பலூனை அகலப்படுத்தினால் முகத்தைத்தான் தின்னும். கோஅமிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் உள்ள ஓவியர்களுக்கு நடத்தும் போட்டியில் வசனமே கூடாது என்று வைத்தது சாமர்த்தியம்: மொழித் தொல்லை ஒழிந்தது, பக்கத்தின் நடை மட்டும் தனியாகத் தெரிந்துவிடும்.

தாளிலும் ஒரு பொறி உண்டு. ஜப்பானில் தொழில்முறைத் தாள் பி4: 257-க்கு 364 மி.மீ. கட்டிங் அளவு, அதாவது ஓரம் வெட்டிய பின் நிற்கும் பக்கம், 220-க்கு 310. கட்டங்கள் அடங்கும் உள்சட்டம் 180-க்கு 270. இது பத்திரிகையில் ஏறக்குறைய 83 சதவீதமாகச் சுருங்கி பி5 ஆகும். சொந்த வெளியீட்டுக்காரர்கள் ஏ4 தாளில் பி5 அளவுக்கு, 150-க்கு 220 உள்சட்டம் வைத்து வரைகிறார்கள். நம் ஊருக்கு இதுவே வசதி. ஆனால் ஜப்பானிய பி5 182-க்கு 257, சர்வதேச பி5 176-க்கு 250. ஜப்பானிய டெம்ப்ளேட்டை இறக்கி வரைந்துவிட்டு அச்சகத்தில் ‘பி5’ என்று மட்டும் சொன்னால் அகலத்தில் 6, உயரத்தில் 7 மி.மீ. போய்விடும். மி.மீ. கணக்கை எழுதியே கொடுங்கள்.

கட்டங்களுக்கு நடுவே விடும் சந்தும் முக்கியம். பக்கவாட்டுச் சந்து குறுகலாக, மேல்கீழ் சந்து அதைப்போல இரண்டு மடங்காவது இருந்தால், அடுத்து எங்கே போவது என்று கண்ணுக்குத் தானாகத் தெரியும். இரண்டும் சமமாக இருந்தால், நாலு கட்டப் பக்கத்தில்கூட வாசகர் கீழே இறங்குவதா பக்கத்தில் போவதா என்று தடுமாறுவார்.

டோனில் நடக்கும் விபத்து வேறு வகை. வழக்கமான புள்ளி டோன் அங்குலத்துக்கு 60 வரி. கோப்பை 600 டிபிஐயில், சாம்பல் நிறமே இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளையாகக் கொடுத்தால் புள்ளி புள்ளியாகவே அச்சாகும். சாம்பல் ஜேபெக்காகக் கொடுத்தால், விளிம்பில் கசிந்த சாம்பலுக்கு அச்சகம் தன் புள்ளியையும் மேலே போடும். இரண்டும் மோதி பட்டுப்புடவை மாதிரி அலை அலையாக வரும். போனில் படிக்கத் தருவதானால் புள்ளியே வேண்டாம், தட்டையான சாம்பல் போதும். திரைக்கேற்பச் சுருங்கும்போது அதே அலை வந்துவிடும். தமிழுக்கென்று ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது: டோன்மேல் நேரே எழுதினால் மெய்யெழுத்தின் புள்ளி டோன் புள்ளிகளோடு கலந்து காணாமல் போகும், ‘பக்கம்’ ‘பககம’ ஆகும். எழுத்தைச் சுற்றி அரை மி.மீ. வெள்ளை விளிம்பு விட்டால் பிழைத்தது.

ஆங்கிலத்தில் வரைந்தவர்கள் கடைசிவரை திண்டாடியது ஒலிக்குறிப்பில். ஜப்பானியத்தில் சத்தத்துக்கு மட்டுமா சொல் இருக்கிறது? மின்னுவதற்குக் ‘கிராகிரா’, முறைத்துப் பார்ப்பதற்கு ‘ஜீ’, மௌனத்துக்கே ‘ஷீன்’. இவை கட்டத்துக்குள் படமாகவே நிற்கும். ஆங்கிலத்தில் வெடிக்கும் இடிக்கும் சொல் உண்டு, விழிப்பதற்குச் சொல் குறைவு. அதனால் பலர் அர்த்தம் தெரியாமல் கட்டக்கானா என்ற ஜப்பானிய எழுத்தையே அலங்காரமாக ஒட்டினார்கள். தமிழ்க்காரருக்கு அந்தப் பிச்சை தேவையில்லை. இரட்டைக்கிளவி முழுவதும் இதற்கென்றே காத்துக்கிடக்கிறது: பளபள, வெடவெட, குறுகுறு, சிலுசிலு. மாட்டிக்கொண்ட பையன் முகத்தை நெருக்கத்தில் வரைந்து, வசனம் எதுவும் வைக்காமல், கன்னத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தில் ‘திருதிரு’ என்று சின்னதாக எழுதினால் போதும்.