மரபணுவைச் சுமக்கும் உலோக அணைவுகள்

மின்புலத்தால் டி.என்.ஏ.வை ஜெல்லின் ஊடே நகர்த்தும் ஜெல் எலக்ட்ரோஃபோரெசிஸில், அது நகராமல் தான் இடப்பட்ட குழியிலேயே தங்கிவிட்டதைக் கண்டு மகிழ்ந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நாங்கள் தயாரித்த கோபால்ட் அணைவுச் சேர்மம் (உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம்) பிளாஸ்மிடை, அதாவது மரபணுவைத் தாங்கிய வளைய டி.என்.ஏ.வை, முழுமையாகப் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதே கலவையைச் செல்களில் இட்டு இரண்டு நாள் காத்திருந்தும், அந்த மரபணு வேலைசெய்தால் உருவாகும் பச்சை ஒளிர்புரதம் ஏறக்குறைய எந்தச் செல்லிலும் தென்படவில்லை.

மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பதில் வைரஸ்களுக்கு இணையான திறமைசாலிகள் இல்லை. எனினும் 1999இல் அடினோவைரஸ் வழியான சிகிச்சைச் சோதனையில் ஓர் இளைஞர் கடும் நோயெதிர்ப்பு விளைவால் உயிரிழந்தார். கொள்ளளவும் ஒரு தடையே: இன்று பரவலாகப் பயன்படும் அடினோ துணை வைரஸ் சுமார் 4,700 காரங்களை (டி.என்.ஏ.வின் எழுத்துகளை) மட்டுமே தாங்கும், தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோபின் புரதத்துக்கான குறியீட்டுப் பகுதியோ 11,000 காரங்களைத் தாண்டும். எனவேதான் வைரஸ் அல்லாத சுமப்பான்களாக உலோக அணைவுகளை நாடுகிறோம்.

டி.என்.ஏ.வின் ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஓர் எதிர்மின்சுமையைத் தாங்குவதால், அதன் இழை தன்னைத்தானே விலக்கி விரிந்து கிடக்கிறது. அச்சுமையில் ஏறத்தாழ 90 சதவீதம் ஈடுசெய்யப்பட்டால்தான் அது சுருண்டு, சுமார் 100 நானோமீட்டர் அகலமுள்ள வளையமாகத் திரள்கிறது. இரட்டைச் சுமை கொண்ட மெக்னீசியத்தால் நீரில் இது இயலாது. ஆறு அம்மோனியா ஈனிகள் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள்) சூழ்ந்த கோபால்ட்டோ, தன் மூன்று நேர்மின்சுமைகளால் இதைச் செய்துவிடுகிறது. உலோகத்தையும் ஈனியையும் மாற்றிச் சுமை, வடிவம், கொழுப்பில் கரையும் தன்மை ஆகியவற்றை விரும்பியவாறு அமைக்க முடிவதே இவ்வணைவுகளின் பெரும் வலிமை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் இறுகப் பிடித்தது, உரிய இடத்தில் விடவும் வேண்டும். செல் விழுங்கிய பொதி அதை அடைத்துவரும் எண்டோசோம் என்ற பையிலிருந்து தப்பாவிட்டால், செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைந்துபோகும். தப்பினாலும், இறுக்கம் தளராத டி.என்.ஏ.வை, மரபணுவைப் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேசால் படிக்க இயலாது. இங்கே கோபால்ட் ஒரு வழி காட்டுகிறது: மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் ஈனிகளை உறுதியாகப் பற்றியிருக்கும் அது, ஓர் எலக்ட்ரானைப் பெற்று இரண்டாம் நிலைக்கு ஒடுக்கமடைந்ததும் அவற்றை எளிதில் இழந்துவிடும். வெளியே மைக்ரோமோலார் அளவிலும் செல்லுக்குள் மில்லிமோலார் அளவிலும் உள்ள குளுட்டாதயோன் என்ற ஒடுக்கும் மூலக்கூறு, ஒடுக்கத்திற்கு ஏற்ற சூழலை உள்ளேதான் உருவாக்குகிறது. ஆயினும் எல்லா ஈனிகளுடனும் அவ்வொடுக்கம் எளிதாக நிகழ்வதில்லை. தாமிரத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனெனில் பினாந்த்ரோலின் போன்ற ஈனிகளோடு சேர்ந்தால் அது, தான் சுமக்க வந்த டி.என்.ஏ.வையே வெட்டிவிடும். துத்தநாகத்திற்கு அத்தகைய ஆக்சிஜனேற்ற வினை இல்லை. அதன் டைபிகோலைல் அமீன் அணைவுகள் பாஸ்பேட்டைத் தேடிப் பற்றுவதை நான் ஆர்வத்துடன் கவனித்துவருகிறேன்.

இப்போது செல்களை நாடுவதற்கு முன், அதே ஜெல் சோதனையில் டி.என்.ஏ.வைப் போலவே எதிர்மின்சுமை கொண்ட ஹெப்பாரினைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எந்தச் செறிவில் டி.என்.ஏ. அணைவிலிருந்து விடுபட்டுக் குழியை விட்டு ஓடத் தொடங்குகிறது என்பதையே முதலில் பார்க்கிறோம்.