எச்-14 குழி

விளைபொருள் எவ்வளவு என்று காட்டும் பீக் சின்னதாக இருந்து, என்சைம் தடுப்பு மட்டும் பெரிதாக வந்தால் நம்பாதே என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இன்றைக்கும் சொல்கிறேன். சொல்லிவிட்டு எச்-14ஐ நினைத்துக்கொள்கிறேன்.

என்சைமைத் தடுக்கும் மருந்து தேடி நாங்கள் போட்ட 384 குழி பிளேட்டில் அது ஒரு குழி. எல்லாவற்றிலும் ஒரே ஆல்கைன், குழிக்கொரு அசைடு, இரண்டையும் ஒட்டவைக்கக் காப்பர். 2002இல் ஷார்ப்லெஸ் குழுவும் மெல்டால் குழுவும் தனித்தனியே வெளியிட்ட அதே கிளிக் வினை. சுத்திகரிக்காமல் அப்படியே என்சைமில் சேர்த்துப் பார்ப்போம். வேகமும் அதில்தான், வில்லங்கமும் அதில்தான். எங்களுடைய என்சைம் சிஸ்டீன் புரோட்டியேஸ். அது வேலை செய்வதே தயோல் என்ற கந்தகக் கையால்; அதைக் காப்பர் பிடித்துக்கொண்டால் மருந்தே இல்லாமல் என்சைம் படுத்துவிடும்.

எச்-14இல் விளைபொருள் கொஞ்சம்தான். என்சைமோ கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது.

"காப்பர்ப்பா" என்றேன், பிளேட் போட்ட மாணவனிடம்.

"பக்கத்துக் குழியிலயும் அதே காப்பர்தானே மேடம்? அங்க ஏன் நிக்கல?"

"இந்த அசைடுல இமிடசோல் இருக்கே. காப்பரைக் கவ்விக்கிட்டு என்சைம்கிட்ட கொண்டுபோய் விடும்."

"கவ்விக்கிட்டா என்சைமுக்குக் காப்பரே போகாதே. அது பாதுகாப்புதானே மேடம்?"

இரண்டும் நடக்கக்கூடியதுதான். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். "ஈ.டி.டி.ஏ. போட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். காப்பரைப் பிடித்து ஒதுக்கிவிடும் பொருள் அது. போட்டான். தடுப்பு குறைந்தது, போகவில்லை. நான் குறைந்ததைப் பார்த்தேன், அவன் மீந்ததைப் பார்த்தான்.

எச்-14இன் விளைபொருளை மில்லிகிராம் கணக்கில் செய்து சுத்தப்படுத்தினால் தெரிந்துவிடும். ஆனால் அந்த அசைடு தீர்ந்துபோயிருந்தது. ஆர்டர் போட்டு, சென்னை வந்து, அங்கிருந்து காரைக்குடி வந்து சேர்வதற்குள் புராஜெக்ட் முடிந்துவிடும். நல்ல பீக் உள்ள வேறு குழிகள் இருந்தன, அவற்றை எடுத்தேன். ஐயாவின் பர்மாக் கணக்குப் பேரேடுகளைப் புரட்டி வளர்ந்தவள் நான். வராத வரவை நம்பிச் செலவு எழுதக் கை வராது. எடுத்ததில் ஒன்று சுத்தப்படுத்திய பிறகும் என்சைமைச் சுமாராகத் தடுத்தது. ஆக, முடிவு சரிதான்.

சரிதானா? நல்ல பீக் வந்த குழி என்றால் வினை சுலபமாக நடந்த குழி, அவ்வளவுதான். அந்த மூலக்கூறு என்சைமை நன்றாகத் தடுக்கும் என்று பீக்குக்கு எப்படித் தெரியும்? அதை வைத்தே வடிகட்டினால் செய்யச் சுலபமானதைத்தான் மருந்து என்று பொறுக்குகிறோம். அரைகுறையாக விளைந்ததிலும் ஏதாவது சிக்குமா என்று பார்க்கத்தானே இந்தப் பிளேட் ஏற்பாடே! ஆனால் சந்தேகக் குழி ஒவ்வொன்றையும் மறுபடி செய்ய உட்கார்ந்தால் பிளேட் எதற்கு? எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். போட்ட இடம்தான் உறுத்துகிறது.

அவன் இப்போது ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்குப் போன் வரும். ஊர்க்கதை எல்லாம் பேசுவோம், இதைத் தவிர.

போன வருடம் வேறொரு ஆர்டரோடு அந்த அசைடையும் சேர்த்து வாங்கிவிட்டேன். ஒரு மாணவியிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடுவாள். "இதை ஏன் மேடம் அப்பவே பண்ணல?" என்பாள். காப்பர் என்பேன். அடுத்து அவளும் பக்கத்துக் குழியைப் பற்றித்தான் கேட்பாள்.