1984-ஆம் வருடக் குழு விசாரணை ஆவணங்கள்: கலிஃபோர்னியாவில் தேடி எடுத்த அனுபவம்

"பழைய சட்டமன்றக் குழு விசாரணை ஆவணமெல்லாம் ஆன்லைனிலேயே இருக்கும், பாருங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் மசோதாத் தளத்தில் 1990களுக்கு முந்தையது எதுவும் கிடைக்காது. எனக்கு வேண்டியது 1984.

எதற்கு இந்தத் தேடல் என்றால், ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி வகுக்கும் தனிக் கல்வித் திட்டம்) உள்ள பிள்ளைக்குக் கவுன்சிலிங் கேட்டால் பள்ளியில் கவுன்டியை, அதாவது உள்ளூர் நிர்வாகத்தைக் கைகாட்டுகிறார்கள், கவுன்டியில் பள்ளியைக் கைகாட்டுகிறார்கள். என் மகனுக்கும் அதே கதைதான். மாதக்கணக்கில் அலைந்தோம். அந்த நாட்களில் அவன் பள்ளிக்குப் போகவே பயந்தான்; இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. இந்தப் பொறுப்பு எப்படிக் கை மாறியது என்பதை ஆதாரத்தோடு எங்கள் பெற்றோர் குழுவுக்கு எழுதித் தர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மேலோட்டமான வரலாறு பலருக்கும் தெரியும். 1984இல் சட்டமன்ற உறுப்பினர் வில்லி பிரவுன் கொண்டுவந்த ஏபி 3632 (ஏபி என்றால் அசெம்ப்ளி பில், கீழவை மசோதா), சிறப்புக் கல்விப் பிள்ளைகளின் மனநல சிகிச்சையைக் கவுன்டி மனநலத் துறைகளிடம் ஒப்படைத்தது. 2010 அக்டோபரில் ஆளுநர் ஷ்வார்ஸ்நேக்கர் அதற்கான 13.3 கோடி டாலரை வெட்டினார். 2011இல் ஏபி 114 பொறுப்பைப் பள்ளி மாவட்டங்களிடமே திருப்பிக் கொடுத்தது. முதல் சட்டம் வந்தபோது சட்டமன்றக் குழு முன்னால் யார் என்ன பேசினார்கள்? அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் போனது ஒரு நூலகத்துக்கு. ஒன்றரை மணி நேர கார் பயணம். கவுன்டரில் இருந்தவர் மசோதா எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு கட்டு நகல் எடுத்துத் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் காசு. வீட்டுக்கு வந்து பிரித்தால் அது வேறொரு கூட்டத்தொடரின் ஏபி 3632! இரண்டு வருடக் கூட்டத்தொடர் முடிந்ததும் மசோதா எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நான் 1984 என்று எழுதிக் கொடுத்த சீட்டை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கே கேட்டாலும் "1983-84 கூட்டத்தொடர், ஏபி 3632, 1984-ஆம் வருடச் சட்டங்களில் அத்தியாயம் 1747" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள் (அத்தியாயம் என்பது மசோதா சட்டமானதும் கொடுக்கும் எண்). கொண்டுவந்து தரும் காகிதத்தின் தலைப்பை அங்கேயே சரிபாருங்கள்.

அப்புறம் ஒரு அலுவலகத்தில் "ஜர்னலைப் பாருங்கள், பேசினதெல்லாம் அதில் வரும்" என்றார்கள். வராது. ஜர்னல் என்பது கலிஃபோர்னியா அவைகளின் நடவடிக்கைக் குறிப்பு; அதில் தீர்மானமும் வாக்கும்தான் இருக்கும். பேச்சு வார்த்தைக்கு வார்த்தை பதிவாகாது. மசோதா மீதான குழு விசாரணைகளுக்கும் பெரும்பாலும் எழுத்துப் பதிவு கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு விடுப்பு நாள் போயிற்று. "விசாரணையின் எழுத்துப் பதிவு வேண்டும்" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலோடு அனுப்பிவிடுவார்கள். "குழுவின் மசோதாக் கோப்பு வேண்டும்", அதாவது அந்த மசோதா பற்றிக் குழு சேர்த்து வைத்த காகிதங்கள் வேண்டும் என்று கேளுங்கள். கதவு திறக்கும்.

திறந்த இடம் சாக்ரமென்டோ ஓ தெருவில் உள்ள மாநில ஆவணக் காப்பகம். முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிட்டுப் போனதால் கோப்புகள் தயாராக இருந்தன. பை லாக்கரில், கையில் பென்சில் மட்டும். அங்கே இருந்த ஆவணக் காப்பாளரிடம்தான் முதல்முறையாக நான் கேட்ட கேள்விக்கு முழு பதில் கிடைத்தது. செலவு பிடிக்கும் மசோதா என்றால் இரு அவைகளிலும் கொள்கைக் குழு, நிதிக் குழு என்று தனித்தனியாகப் போகும், ஒவ்வொன்றும் தனிக் கோப்பு வைக்கும், ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அந்த ஒரு யோசனை இல்லாவிட்டால் பாதியைத் தவறவிட்டிருப்பேன்.

பழுப்பேறிய உறைக்குள் டைப் அடித்த குழு ஆய்வறிக்கை. ஓரத்தில் யாரோ பென்சிலால் அழுத்திக் கோடு போட்டு ஒரு கேள்விக்குறி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பணம் யார் தருவார்கள் என்ற பத்தி. நானும் அதே கேள்வியைத்தான் சுமந்துகொண்டு அலைந்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

இன்னொன்று கட்டாயம் கேளுங்கள்: ஆளுநரின் மசோதாக் கோப்பு. மசோதா அப்போதைய ஆளுநர் டியூக்மேஜியன் மேசைக்குப் போகும் கட்டத்தில் அவர் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று அரசுத் துறைகள் காரணத்தோடு எழுதிக் கொடுக்கும் அறிக்கைகள் அதில்தான் இருக்கும். யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான காகிதம் கிடைப்பது கஷ்டம்.

சில விசாரணைகளுக்கு ஒலிநாடாவும் உண்டு; இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கூட்டத்தொடர்களுக்கு நடுவே நடந்த சிறப்பு விசாரணை என்றால் அச்சிட்ட பதிவாகவே நூலகங்களில் இருக்கலாம். ஏபி 114 பற்றித் தேடுகிறவர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பட்ஜெட்டோடு ஒட்டி வந்த சட்டம் அது, கல்விக் குழுவில் நிதானமாக அலசிய தடம் கிடைக்காது.

சட்ட வரலாற்றைத் தொகுத்துத் தரும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. ஒன்றில் விலை கேட்டேன், நூற்றுக்கணக்கான டாலர். வழக்கறிஞர்களுக்குக் கட்டுப்படியாகும், நமக்கு எதற்கு? கோப்பைக் காப்பகத்தில் பார்க்கக் கட்டணமே இல்லை. ஃபிளாஷ் போடாமல் போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

படம் எடுத்ததை அப்படியே பெற்றோர் குழுவில் போட்டுவிடாதீர்கள். கோப்பில் உள்ள ஆதரவுக் கடிதங்களில் பிள்ளைகளின் பெயரும் நோய் விவரமும் இருக்கக்கூடும். அன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது. பெயரை மறைத்துவிட்டுப் பகிருங்கள்.

2018 முதல் நடந்த விசாரணை என்றால் இந்த அலைச்சலே வேண்டாம். 2016இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 54-ஆவது முன்மொழிவின்படி எல்லாப் பொது விசாரணைகளின் வீடியோவும் 24 மணி நேரத்தில் இணையத்தில் வர வேண்டும், 20 வருடமாவது இருக்க வேண்டும். தேதியையும் குழுவின் பெயரையும் குறித்துக்கொண்டு தேடினால் போதும்.