ஈபிர்ப் சும்மா அலறிய மதியம்

பாரதீப்பில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எண்ணூருக்கு வந்துகொண்டிருந்தோம். நான் செகண்ட் ஆபீசர். ஜிஎம்டிஎஸ்எஸ் என்னும் கடல் அபாயத் தொடர்புக் கருவிகள் என் பொறுப்பு. மதியம் கேடட் பையன் கப்பலை ஓட்டும் அறைக்கு மேலே இருக்கும் திறந்த தளமான மங்கி ஐலேண்டைக் கழுவப் போனான். கரித்தூசி அப்பிக் கிடக்கிறதே என்று ஈபிர்ப்பை, அதாவது கப்பல் மூழ்கினால் தானாகவே அபாயச் செய்தி அனுப்பும் கருவியை, கூட்டிலிருந்து எடுத்து, தண்ணீர் ஊற்றித் துடைத்திருக்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் கூட்டை விட்டு வெளியே வந்து மேலே தண்ணீரும் பட்டால், கப்பல் மூழ்கிவிட்டது என்றே அது முடிவு கட்டிவிடும்.

"சார், மேல லைட்டு அடிக்குது சார்."

ஓடினேன். ஈரத்தைத் துடைத்துக் கூட்டில் வைத்ததும் அடங்கியது. ஆனால் சுமார் ஐம்பது நொடிக்கு ஒருமுறை 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும் கருவி அது. அவன் இறங்கி நான் ஏறுவதற்குள் எத்தனை போனதோ!

கேப்டன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அணைத்தாயிற்றே, விட்டுவிடலாமா என்று எனக்கும் ஒரு நப்பாசை. ஆனால் தவறான அலாரத்தை நாமே சொல்லி ரத்து செய்தால் பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. சாட்டிலைட் போனில் சென்னையில் உள்ள கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையமான எம்ஆர்சிசியைக் கூப்பிட்டேன். கடலோரக் காவல்படைதான் அதை நடத்துகிறது.

செயற்கைக்கோள் வழி அபாயச் செய்திகளை வாங்கும் பெங்களூரு மையத்திலிருந்து அவர்களுக்குத் தகவல் ஏற்கெனவே வந்துவிட்டதாம். கப்பல் பெயர், 419-இல் தொடங்கும் எம்எம்எஸ்ஐ என்னும் கப்பலின் ரேடியோ அடையாள எண், ஈபிர்ப்பின் 15 இலக்க அடையாளம், இருக்கும் இடம், எத்தனை பேர் என்று அங்கிருந்த அதிகாரி வரிசையாகக் கேட்டார். அந்த 15 இலக்கத்தில் எண்ணும் எழுத்தும் கலந்து வரும். பதற்றத்தில் இரண்டு தடவை தப்பாகப் படித்தேன். நிஜமாகவே ஆபத்து இல்லையா என்று வேறு வேறு விதமாகக் கேட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. கொள்ளைக்காரன் பக்கத்தில் நின்றாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பது பிறகுதான் உறைத்தது. அப்புறம் ரத்துச் செய்தியை இன்மார்சாட்-சி என்னும் செயற்கைக்கோள் கருவியில் எழுத்தாகவும் அனுப்பி, லாக் புக்கில் நேரத்தோடு பதிந்தேன்.

வைக்கும் முன் இன்னொன்று சொன்னார். ஈபிர்ப்பின் பதிவில் இருந்த அவசரத் தொடர்பு எண்ணுக்குப் பேசிப் பார்த்தார்களாம். எங்கள் கம்பெனியை விட்டு எப்போதோ போய்விட்ட சூப்பரின்டெண்டன்ட்டின் எண் அது. மனிதர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். எந்தக் கப்பல் என்றே அவருக்குப் புரியவில்லை.

ரத்து செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த எண்ணை மாற்ற எனக்கு மூன்று வாரமும் ஆறு மின்னஞ்சலும் ஆயின.