தொட்டி, குழாய், 36 பங்கு

முதல் குழாய் ஒரு தொட்டியை 12 மணி நேரத்தில் நிரப்பும். இரண்டாவது 18 மணி நேரத்தில். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்? நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் தப்பு விடைகள் இரண்டு: 30, 15. கூட்டினால் முதலாவது, சராசரி பார்த்தால் இரண்டாவது. ஒரு குழாயே 12 மணி நேரத்தில் நிரப்பிவிடும்போது, துணைக்கு இன்னொன்று வந்தால் நேரம் எப்படிக் கூடும்?

ஆகவே முதலில் ஓரத்தில் ஒரு உத்தேசக் கணக்கு. இரண்டு குழாயும் முதலாவதின் வேகத்தில் ஓடினால் 6 மணி நேரம் போதும். இரண்டும் இரண்டாவதின் வேகத்தில் ஓடினால் 9 ஆகும். விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்தாக வேண்டும்.

1/12 + 1/18 என்று பின்னத்தில் போவதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் 5/36 வந்ததும் அதற்கே கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். அது ஒரு மணி நேரத்தில் நிரம்பும் பங்குதான். தலைகீழாக்கினால்தான் நேரம் கிடைக்கும். இந்தத் தடுமாற்றம் வேண்டாமென்றால் பின்னத்தையே தவிர்த்துவிடலாம். 12, 18 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 36. தொட்டி 36 பங்கு கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழாய் மணிக்கு 3 பங்கு, அடுத்தது 2 பங்கு, சேர்ந்தால் 5. 36ஐ 5ஆல் வகுத்தால் 7.2 மணி நேரம். 6க்கும் 9க்கும் நடுவில் இருக்கிறது, சரி.

இங்கேதான் கடைசிச் சறுக்கல்: 7.2 என்பதை 7 மணி 20 நிமிடம் என்று எழுதுவது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடமல்ல, மணியின் பத்தில் இரண்டு பங்கு. 0.2 × 60 = 12. விடை 7 மணி 12 நிமிடம். முழுக் கணக்கும் சரியாக வந்து இந்த ஒரு வரியில் மதிப்பெண் போவது எரிச்சலான விஷயம்.

அடியில் 36 மணி நேரத்தில் தொட்டியைக் காலி செய்யும் குழாயும் திறந்திருந்தால், மணிக்கு 1 பங்கு கழியும்: 5 − 1 = 4, ஆக 9 மணி நேரம். முதல் குழாயை மட்டும் 4 மணி நேரம் திறந்துவிட்டுப் பிறகு இரண்டாவதையும் திறந்தால், முதலில் 12 பங்கு நிரம்பும். மீதி 24ஐ 5ஆல் வகுக்க 4.8, அதாவது 4 மணி 48 நிமிடம். கேள்வியின் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள்: மொத்த நேரம் கேட்டிருந்தால் முன்பு ஓடிய 4 மணியையும் கூட்டி 8 மணி 48 நிமிடம் என்று எழுத வேண்டும்.

திருப்பியும் கேட்பார்கள்: சேர்ந்து 8 மணி நேரம், முதல் குழாய் தனியாக 12, இரண்டாவது தனியாக எவ்வளவு? 12 − 8 = 4 என்று கை தானாகக் கழிக்கும். நேரத்தைக் கழிக்கக்கூடாது, பங்கைத்தான் கழிக்க வேண்டும். தொட்டி 24 பங்கு. சேர்ந்து மணிக்கு 3, முதலாவது 2, மிச்சம் 1. எனவே இரண்டாவதுக்கு 24 மணி நேரம்.