பலகைக்கு நடுப் பாத்த கதை

எங்கட குடும்பத்தில ஒரு பலகைக்கு நடுப் பாக்கிறதிலும் பாக்க, காணியைப் பங்கு பிரிக்கிறது சுகம். காணிக்கெண்டால் சேர்வேயர் வருவார், கல்லுப் போடுவார், ரெண்டு பகுதியும் அவரைத் திட்டிப்போட்டு நிம்மதியாப் படுக்கலாம். 1707இல யாழ்ப்பாணத்துச் சொத்து வழமைச் சட்டமான தேசவழமையை எழுதிவைச்ச ஒல்லாந்தர் பலகைக்கும் ரெண்டு வரி சேத்து எழுதியிருந்தா, நேற்றுப் பின்னேரம் எங்கட விறாந்தையில அவ்வளவு தேத்தண்ணியும் ஆறியிருக்காது.

விசயம் சின்னன். கனடாச் சித்தி கொண்டந்த பித்தளைக் கொழுக்கியள் பெட்டியோட கிடக்குது. ஹெல்மெற்றும் குடையும் அப்பான்ர சேட்டுகளும் கண்ட கண்ட இடத்தில தொங்கிறதைப் பாத்து அம்மாவுக்கு விசர். ஒரு பலகையின்ர நடுவால வரிசையாப் பூட்டிச் சுவரில அடிச்சா முடிஞ்சுது. பழைய வீட்டுக் கதவில மிஞ்சின முதிரைப் பலகை ஒண்டு இருந்தது. பூட்டுக் குடைஞ்ச கரையில ஒண்டரை அங்குலத்தை ஓடாவியார் வாளால அரிஞ்சு எடுத்து, சீவுளி போட்டு நேராக்கி வைச்சார்.

அகலம் ஒம்பது அங்குலமும் எட்டில அஞ்சும். இதில பாதி எவ்வளவு?

அப்பா மேல பாத்தார். "நாலரை... நாலே முக்கால்... அதுக்கும் கொஞ்சம் கூட." அந்தக் "கொஞ்சம் கூட" பதினாறில ஒண்டு. அப்பான்ர ரேப்பில அந்தக் கோடுகள் எல்லாம் அழிஞ்சு கனகாலம். சரி, மற்றப் பக்கத்தால அளப்பம் எண்டு சென்ரிமீற்றரில பிடிச்சா, 24.4ஓ 24.5ஓ எண்டு அது வேற சண்டை. காணியைப் பரப்பில அளந்து, 16 பரப்பு ஒரு ஏக்கர் எண்டு நித்திரையிலயும் சொல்லுற சனத்துக்கு, பலகையெண்டு வந்தால் மட்டும் இந்தப் பாடு.

அந்த நேரம் பாத்து மாமா வந்து சேர்ந்தார். கணக்கு மாஸ்ரர், பென்சன் எடுத்தாச்சு, சோக்கட்டியை மட்டும் இன்னும் விடேல்லை. "மூலைவிட்டம் ரெண்டையும் போடுங்கோ, வெட்டுற இடம்தான் நடு" எண்டு சொல்லிக்கொண்டே கீறத் தொடங்கிட்டார்.

"மாஸ்ரர், ஒரு அந்தம் சரிவாக் கிடக்கு. இன்னும் மட்டமா வெட்டேல்லை" எண்டார் ஓடாவியார்.

"செவ்வகம் எனக் கொள்க" எண்டார் மாமா.

பலகை கொள்ளேல்லை. மூலைவிட்டங்கள் ஒரு இடத்தில வெட்டினது உண்மைதான், அது நடுவை விட்டு நல்லாவே விலகி இருந்தது. அதோட எங்களுக்குத் தேவை ஒரு புள்ளி இல்லை, அந்தத்தால அந்தத்துக்கு ஓடுற கோடு. மாமா அதைக் காதில விழுத்தேல்லை.

இடையில அம்மம்மா சார்வோலைக் கீலம் ஒண்டைக் கிழிச்சுக்கொண்டு வந்தா. பலகையின்ர அகலத்துக்கு நகத்தால நறுக்கி, ரெண்டா மடிச்சு வைச்சு, "இந்தா உங்கட நடு" எண்டா. "பெட்டி இழைக்கேக்க எங்களிட்ட ரேப்பே இருந்தது?" சரியாத்தான் இருந்திருக்கும். ஆனா மாமியாற்ற ஓலையை வைச்சுக் கொழுக்கி பூட்டினதெண்டு ஊருக்குள்ள கதை வந்தா எண்டு அப்பா யோசிச்சிருப்பார். ஓலை அப்பிடியே மேசையில கிடந்துது.

ஓடாவியார் அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, காதில செருகின தட்டைப் பென்சிலை எடுத்தார். அடிமட்டத்தின்ர தொடக்கத்தை ஒரு கரையில வைச்சு, 10 எண்ட கோடு மற்றக் கரையில முட்டுமட்டும் அடிமட்டத்தைச் சரிச்சார். 5இல ஒரு புள்ளி. அங்கால தள்ளி அதே மாதிரி இன்னொண்டு. ரெண்டையும் சேத்து ஒரு கோடு.

"பத்தில பாதி அஞ்சு. பேந்தேன் ஐயா பதினாறுக்குப் போறியள்?"

பிறகு ஆணி முனை வைச்ச ஒரு சின்னக் கட்டையை எடுத்துக் கோட்டளவுக்கு இறுக்கி, ரெண்டு கரையாலயும் உரசி இழுத்துக் காட்டினார். ரெண்டு கீறும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்துது. விலகியிருந்தா அந்த ரெண்டுக்கும் இடையில நடுவாம்.

மாமான்ர முகத்தை நீங்கள் பாத்திருக்க வேணும். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உது நடுப்புள்ளித் தேற்றத்தின்ர மறுதலையெல்லோ!" எண்டார். முக்கோணத்தில ஒரு பக்கத்தின்ர நடுவால இன்னொரு பக்கத்துக்குச் சமாந்தரமாப் போற கோடு மூண்டாவது பக்கத்தையும் பாதியாக்கும் எண்டு, சாதாரண தரப் பிள்ளையளுக்கு வருசக்கணக்காச் சொல்லிக்குடுத்த அதே தேற்றம். அதை அதே இடத்தில வைச்சு ஓடாவியாருக்கே படிப்பிக்கவும் தொடங்கிட்டார், முக்கோணம் கீறி. அவரும் "ஓம் மாஸ்ரர், ஓம் மாஸ்ரர்" எண்டு கொழுக்கியளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இதோட முடிஞ்சிருக்க வேணும். துளை போட முதல் பின்பக்கத்தைத் துடைப்பம் எண்டு அப்பா பலகையைப் பிரட்டினார். அங்க, மேலயிருந்து கீழ வரைக்கும், மெல்லிசா ஒரு கீறு. அப்பா பெருவிரலை அதில வைச்சு இழுத்தார்.

"இது ஐயா கீறினது. ஆணி வரிசைக்கு."

1995 யுத்த இடப்பெயர்வில எல்லாரும் தென்மராட்சிக்கு வெளிக்கிடேக்க அப்பப்பா, அப்பான்ர ஐயா, பூட்டிப்போட்டு வந்த கதவு. திரும்பிப் போகேக்க பூட்டைக் காணேல்லை. கூரையையும் காணேல்லை. கதவு மட்டும் பத்தைக்குள்ள கிடந்தது.

"கொழுக்கியை இந்தக் கோட்டில பூட்டுங்கோ."

"ஐயா, அது முந்தின அகலத்துக்கு நடு. இப்ப முக்கால் அங்குலம் விலகும்."

"விலகட்டும்."

மாமா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பாத்த பார்வையில மூடிட்டார்.

இப்ப பலகை பின்பக்கம் முன்னால தெரியச் சுவரில இருக்கு. வாறவை எல்லாம் "கொழுக்கி கொஞ்சம் மேல ஏறின மாதிரிக் கிடக்கே" எண்டு கேக்கினம். அப்பாக்குக் காது கேக்கிறேல்லை. ஈரக் குடையும் அதில கொழுவக் கூடாதாம், மரம் பழுதாப்போயிடுமாம். அரிஞ்சு விட்ட ஒண்டரை அங்குலத் துண்டை அடுப்புக்கெண்டு அம்மா எடுத்தா. அதையும் பறிச்சு அலுமாரிக்குப் பின்னால வைச்சிட்டார். "அதில என்னத்தைப் பூட்டப் போறியள், முழுக்கப் பூட்டு ஓட்டை" எண்டு அம்மா நேற்றுத் தொடங்கினவ, இந்தா இப்பவும் குசினிக்குள்ள நிண்டு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா.